ஒத்திகையும் அரங்கேற்றமும்

வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களின் மேசையில் இரண்டு கறுப்புச் சில்லுகள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் கிடக்கும். ஒன்று எல்.எம். 317, மற்றது எல்.எம். 337. இரண்டுக்கும் மூன்று மூன்று கால்கள், முதுகில் ஓர் உலோகத் தகடு. முன்னது பிளஸ் மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும், பின்னது மைனஸ் மின்னழுத்தத்தை. ஒலிக்கருவிக்குள் இருக்கும் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லுகளுக்கு பிளஸ் 15, மைனஸ் 15 என்று இரண்டு பக்கமும் சோறு போட வேண்டியிருப்பதால் இரண்டையும் சேர்த்தே வாங்குவார்கள். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். பெற்றவர்கள்தான் எதிரெதிர்க் கட்சி.

317ஐ 1970களில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் வடிவமைத்தவர்கள் ராபர்ட் டாப்கினும் பிரென்ட் வெல்லிங்கும். டாப்கின் அங்கிருந்து வெளியேறி, 1981இல் லீனியர் டெக்னாலஜியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். மைக் எங்கல்ஹார்ட் எழுதிய எல்.டி.ஸ்பைஸ் என்ற மென்பொருளை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பின்னாளில் கொடுத்தது அந்த நிறுவனம்தான். ஒரு மின்சுற்றைத் திரையில் வரைந்து, சால்டர் வைக்காமலே ஓட்டிப் பார்க்க உதவும் மென்பொருள் அது. இன்று வீட்டில் ஒலிக்கருவி கட்டுகிறவர்கள் மிக அதிகமாகத் திறந்து பார்ப்பது அதைத்தான்.

337ஐ வடிவமைத்தவர் பாப் பீஸ். அவரும் நேஷனல் செமிகண்டக்டர்க்காரர். ‘எலெக்ட்ரானிக் டிசைன்’ இதழில் ஆண்டுக்கணக்கில் பத்தி எழுதியவர். சுற்றைக் கணினியில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வேலை செய்கிறது என்று சாதிப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஸ்பைஸ் வகை மென்பொருள் பொய் சொல்லும் என்பதைப் பத்தி பத்தியாக எழுதினார். எழுத்து போதவில்லை போலிருக்கிறது. ஒரு கணினியை நிறுவனக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்து தூக்கி வீசி, அதைப் படமும் எடுக்கச் செய்தார். மின்னணுப் பொறியாளர்கள் வட்டாரத்தில் அந்தப் படம் மிகப் பிரபலம்.

எல்.டி.ஸ்பைஸ் கொடுத்தவர்களா, பீஸா, யார் பக்கம் நியாயம்? பவர் சப்ளை என்ற சாதுவான பொருளை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, இரண்டு கண்டென்சர், இரண்டு ரெகுலேட்டர், அதாவது அந்த 317உம் 337உம். பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் சுற்று. கணினிக்கு இதைவிட எளிய வேலை கொடுக்க முடியாது. கணினி தடுக்கி விழுவதும் இங்கேதான்.

ஸ்பைஸ் பிறந்த இடம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். 1960களின் முடிவில் பேராசிரியர் ரொனால்ட் ரோரரின் வகுப்பில் மாணவர்கள் எழுதத் தொடங்கிய நிரலுக்குக் ‘கேன்சர்’ என்று பெயர். ‘நேர்கோட்டுக்கு அடங்காத சுற்றுகளின் கணினி ஆய்வு, கதிர்வீச்சு நீங்கலாக’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. கடைசி இரண்டு சொற்களில் ஒரு குத்தல் உண்டு. அணுகுண்டு வெடித்தால் சுற்று தாங்குமா என்று பார்ப்பதற்காக ராணுவப் பணத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த காலம். அந்த வேலை எங்களுக்கு வேண்டாம் என்று மாணவர்கள் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். அதே நிரலை லாரன்ஸ் நேகல் திருத்தி எழுத, 1973இல் ஸ்பைஸ் என்ற பெயரில் அது வெளியுலகைப் பார்த்தது. டொனால்ட் பெடர்சன் என்ற பேராசிரியர் கேட்டவர்களுக்கெல்லாம் அதை வாரி வழங்கினார். இன்றைய சுற்று மென்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் பாட்டன்.

அது செய்யும் வேலையில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு முனைக்குள் நுழையும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்ற கிர்க்காஃப் விதியை ஒவ்வொரு முனைக்கும் எழுதி, எல்லாச் சமன்பாட்டையும் ஒன்றாகத் தீர்த்து, காலத்தை ஒரு நூலிழை நகர்த்தி, மறுபடியும் தீர்க்கும். கணக்கில் அது பிசகுவது அபூர்வம். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் தரும். ஆனால் கேள்வி நம்முடையது.

ஓர் உதாரணம். ஒரு பிரீஆம்ப்ளிஃபயருக்கு பிளஸ், மைனஸ் 15 வோல்ட் வேண்டும். பக்கத்துக்கு 100 மில்லி ஆம்பியர் போதும். 18-0-18 என்று எழுதிய 30 விஏ வட்டவடிவ டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்துக்கு 2200 மைக்ரோஃபாரட் கண்டென்சர். புதிதாகக் கற்றவர் மென்பொருளைத் திறந்து, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக 18 வோல்ட் மாறுமின்சார மூலம் ஒன்றை வரைவார். 18ஐ 1.414ஆல் பெருக்கினால் உச்சம் 25.5 வோல்ட். டயோடு 0.7 வோல்ட்டைத் தின்னும். கண்டென்சரில் 24.8 வோல்ட் நிற்கும் என்று திரை சொல்லும். 25 வோல்ட் கண்டென்சர் போதுமே என்று அவர் நினைத்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

அதே திரையில் டயோடு வழியாக ஓடும் மின்னோட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தால் வேறு ஒரு காட்சி. சுற்று இழுப்பது 0.1 ஆம்பியர்தான். டயோடுகளில் மாறி மாறி ஓடுவதோ சுமார் 3 ஆம்பியர் உயரமுள்ள ஈட்டி, ஒவ்வொரு 10 மில்லி விநாடிக்கும் ஒன்று. அலை உச்சத்தைத் தொடும் அந்த அரை மில்லி விநாடி சொச்சத்தில்தான் கண்டென்சர் நிரம்புகிறது. மிச்ச நேரமெல்லாம் சேமித்ததைச் செலவு செய்கிறது. மாதச் சம்பளக்காரர் குடும்பம் மாதிரி.

இரண்டு விடையும் தப்பு. ஒன்று குறைத்துச் சொல்கிறது, மற்றது கூட்டிச் சொல்கிறது. காரணம், 18 வோல்ட் என்பது முழுச் சுமை ஏற்றும்போது கிடைக்கும் அளவு. சுமை இல்லாதபோது சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் 15, 20 சதவீதம் கூடுதலாகவே கொடுக்கும். நம் உதாரண டிரான்ஸ்ஃபார்மரை 230 வோல்ட்டில் போட்டு அளந்தால் 21.2 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமை ஏறும்போது அது ஏன் இறங்குகிறது? சுருளின் செம்புக்கு மின்தடை உண்டு. திரையில் வரைந்த மூலத்துக்கு அது பூஜ்யம். கடையில் வாங்கும் டிரான்ஸ்ஃபார்மரின் அட்டையில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும், சுருளின் மின்தடை இருக்காது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் டோக்கியோவின் அகிஹபாராவில் வாங்கினாலும் இதுதான் கதை. வாங்கியவர்தான் அளந்துகொள்ள வேண்டும்.

அளப்பதிலும் ஒரு சூது இருக்கிறது. சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டிய மீட்டர் 0.2, 0.3 ஓம் என்று காட்டும். அது கம்பியின் மின்தடை. பல கிலோ ஓம் அளக்கும்போது யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 1.8 ஓம் சுருளை அளக்கும்போது அது ஆறில் ஒரு பங்கு பிழை. இதற்கு வில்லியம் தாம்சன், அதாவது கெல்வின் பிரபு, 19ஆம் நூற்றாண்டிலேயே வழி சொல்லிவிட்டார்: மின்னோட்டம் கொடுக்க இரண்டு கம்பி, மின்னழுத்தம் படிக்கத் தனியாக இரண்டு கம்பி. படிக்கும் கம்பியில் மின்னோட்டம் ஏறத்தாழ இல்லாததால் அதன் மின்தடை கணக்கில் சேராது. சுருள் வழியாக 0.5 ஆம்பியர் நேர்மின்சாரம் செலுத்தி, சுருளின் முனைகளிலேயே மீட்டரை வைத்தால் 0.9 வோல்ட். வகுத்தால் 1.8 ஓம். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

முதன்மைச் சுருளை, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, நேராகவே அளக்கலாம். 120 ஓம் என்று வந்தால் அதை இரண்டாம் சுருளின் பக்கத்துக் கணக்குக்குக் கொண்டுவரச் சுருள்களின் சுற்று எண்ணிக்கை விகிதத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 230ஐ 21.2ஆல் வகுத்தால் 10.85, வர்க்கம் கிட்டத்தட்ட 118. ஆகவே சுமார் 1 ஓம். பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் ஒரே கணத்தில் இழுப்பதால் அந்த 1 ஓம் இரட்டித்து 2 ஓமாகத் தெரியும். மொத்தம் 3.8 ஓம்.

இந்த இரண்டே எண்களை, 21.2 வோல்ட், 3.8 ஓம், திரையில் உள்ள மூலத்துக்கு ஊட்டிவிட்டு மறுபடி ஓட்டினால் படம் தலைகீழாகிறது. கண்டென்சரில் நிற்பது 24.8 அல்ல, 26.8 வோல்ட். 25 வோல்ட் கண்டென்சர் போட்டவர் அதன் எல்லையைத் தாண்டிவிட்டார். 35 வோல்ட்தான் வாங்கியிருக்க வேண்டும். 3 ஆம்பியர் ஈட்டி 0.6 ஆம்பியர் மேடாகத் தணிகிறது, அகலம் 2.5 மில்லி விநாடியாக விரிகிறது. உச்ச மின்னோட்டத்தில் ஐந்து மடங்கு பிழை. மென்பொருள் அதேதான், விதியும் அதேதான். பீஸ் திட்டியது இதைத்தான். ஆனால் அவர் கணினியை வீசியதற்குப் பதிலாக ஒரு மல்டிமீட்டரை அதன் பக்கத்தில் வைத்திருந்தாலும் காரியம் நடந்திருக்கும்.

கணினி வருவதற்கு முன்பே இந்த உண்மையைப் பிடித்தவர் ஒருவர் உண்டு. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஓட்டோ ஷேட் 1943இல் வெளியிட்ட கட்டுரையில், மூலத்தின் மின்தடைக்கும் சுமையின் மின்தடைக்கும் உள்ள விகிதத்துக்கு ஏற்ப உச்ச மின்னோட்டம் எவ்வளவு, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமான சிற்றலை எவ்வளவு என்று வளைகோடுகளாக வரைந்து கொடுத்தார். வால்வு ரேடியோ காலத்துப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் அந்தக் கோடுகளில் விரலை வைத்தே பவர் சப்ளை வடிவமைத்தார்கள். மூலத்தின் மின்தடை தெரியாமல் ஷேட்டின் வளைகோட்டுக்குள் நுழையவே முடியாது. மென்பொருள் அப்படிக் கேட்பதில்லை. காலியாக விட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு ஓட்டிவிடுகிறது.

கண்டென்சருக்கு வருவோம். 2200 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்த எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்கு வழக்கமாக 20 சதவீதம் கூடுதல் குறைவு உண்டு. அது சின்ன விஷயம். அதற்குள் தொடராக ஒரு மின்தடையும் ஒரு தூண்டலும் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் பெரிய விஷயம். அந்த மின்தடை 0.05 ஓம், தூண்டல் 20 நானோஹென்றி என்று வைத்துக் கணக்குப் போட்டால், சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்த உருளை கண்டென்சராக நடந்துகொள்வதில்லை, 0.05 ஓம் மின்தடையாக நடந்துகொள்கிறது. சுமார் 400 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் அது ஒரு கம்பிச் சுருள். பெயர்ப்பலகையில் எழுதிய தொழில் வேறு, செய்கிற தொழில் வேறு.

உள்ளே இருக்கும் திரவம் உலர உலர அந்த மின்தடை ஏறும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இத்தொழிலில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. காற்றோட்டமில்லாத பெட்டிக்குள், மே மாதச் சென்னையில், ரெகுலேட்டரின் வெப்பத்தகட்டுக்குத் தோள்சேர நிற்கும் கண்டென்சரின் நிலைமையை யோசித்துக்கொள்ளலாம். பழைய கருவியைப் பழுது பார்க்கிறவர்கள் கொள்ளளவு மீட்டரைவிட இந்த உள்மின்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டரையே முதலில் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொள்ளளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உள்மின்தடை பல மடங்காகியிருக்கும்.

இனி காதுக்குக் கேட்கும் பகுதி.

நம் கண்டென்சரில் சிற்றலை 0.34 வோல்ட். 317இன் சரிசெய்யும் காலுக்கும் தரைக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் ஒன்றை வைத்தால், தரவுத்தாள் சொல்கிறபடி சிற்றலை பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். 34 மைக்ரோவோல்ட். ஆப்-ஆம்ப் தன் பங்குக்கு அதை இன்னும் பல ஆயிரம் மடங்கு நசுக்கும். மிச்சம் இருப்பதைக் கேட்கும் காது எந்த மனிதனுக்கும் கிடையாது. கணினித் திரையில் வெளியீடு ஒரு நேர்கோடு. அப்பாடா என்று கட்டி முடித்து சுவிட்சைப் போட்டால், ஸ்பீக்கர் ‘உர்ர்ர்’ என்கிறது.

எங்கிருந்து வந்தது? சுற்று வரைபடத்தில் இரண்டு கண்டென்சர்களின் நடுமுனைகளையும் சேர்த்து ஒரு கோடு இருக்கும். பெட்டிக்குள் அந்தக் கோடு 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி. அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு 34 மில்லி ஓம் மின்தடை; 10 சென்டிமீட்டருக்கு 3.4 மில்லி ஓம். அந்த 0.6 ஆம்பியர் துடிப்பு இந்தக் கம்பி வழியாகத்தான் ஒரு கண்டென்சரில் இருந்து மற்றதற்குப் போகிறது. பெருக்கினால் 2 மில்லிவோல்ட். ஒலி உள்ளே வரும் இடத்துத் தரையை இந்தக் கம்பியின் ஒரு முனையிலும், ஒலி வெளியேறும் இடத்துத் தரையை மறுமுனையிலும் பற்றவைத்திருந்தால், அந்த 2 மில்லிவோல்ட் பாட்டோடு சேர்ந்துகொள்ளும். ரெகுலேட்டர் அரும்பாடுபட்டு அடக்கிய 34 மைக்ரோவோல்ட்டைப் போல் 60 மடங்கு. ரெகுலேட்டர் இதில் ஒன்றுமே செய்ய முடியாது. திருடன் வாசல் வழியாக வரவில்லை.

பலர் செய்யும் முதல் வைத்தியம், கண்டென்சரைப் பெரிதாக்குவது. 2200ஐக் கழற்றிவிட்டு 10,000 போடுவார்கள். சிற்றலை கால்வாசிக்கும் கீழே இறங்கும், உண்மைதான். ஆனால் துடிப்பின் உயரத்தை இங்கே முடிவு செய்வது 3.8 ஓம் மூலமின்தடை, கண்டென்சர் அல்ல. ஆகவே கம்பியில் ஓடும் 0.6 ஆம்பியர் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ‘உர்ர்ர்’ரும் அப்படியே இருக்கும். செலவு மட்டும் புதிது.

பெரிய கண்டென்சர்தான் நல்ல ஒலி என்ற நம்பிக்கைக்கு ஜப்பானில் இருந்து ஒரு கேலியும் வந்தது. 47 லேபரட்டரி என்ற சிறு நிறுவனத்தின் ஜுன்ஜி கிமுரா 1999இல் கொண்டுவந்த ‘கெயின்கார்ட்’ ஆம்ப்ளிஃபயரில் பக்கத்துக்கு வெறும் 1000 மைக்ரோஃபாரட்தான். விலையோ சாமானியர் கைக்கு எட்டாதது. உள்ளே இருந்தது கடையில் கிடைக்கும் ஓர் எல்.எம். 3875 சில்லு என்பது தெரிந்ததும், உலகெங்கும் வீட்டு மேசைகளில் அதன் நகல்கள் முளைத்தன. கிமுரா கம்பிகளை மிகக் குட்டையாக வைத்ததைக் காட்டிலும் அவர் கண்டென்சரைச் சின்னதாக வைத்ததையே எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியது முன்னதைத்தான்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய ஒரு யுஎஸ்பி ஒலி அட்டையும் ஓர் இலவச அலைக்கற்றை மென்பொருளும் போதும். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை அதில் கொடுத்தால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று குச்சி குச்சியாக நிற்கும். 50 ஹெர்ட்ஸில் மட்டும் தனிக்குச்சி உயரமாக நின்றால் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் எங்கோ பாய்கிறது, அல்லது இரண்டு கருவிகளுக்கு இடையே எர்த் வளையம் போட்டிருக்கிறது. பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தாலே குறையலாம். 100, 200, 300 என்று படைவரிசை நின்றால் குற்றவாளி டயோடுகளின் துடிப்பு. தரைக் கம்பியைத் தேட வேண்டும். காதே ஓரளவு சொல்லிவிடும். முதலாவது ‘ஊம்’, இரண்டாவது ‘உர்ர்ர்’. ‘ஊம்’ சின்ன ஸ்பீக்கரில் அமுங்கிப்போகும். ‘உர்ர்ர்’ எதிலும் கேட்கும்.

கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத இன்னொரு தொல்லை இருக்கிறது. டயோடு மூடும் கணத்தில், டிரான்ஸ்ஃபார்மரின் கசிவுத் தூண்டலும் சுருளின் சொந்தக் கொள்ளளவும் சேர்ந்து, தட்டிவிட்ட வெண்கல மணி போல ஒலிக்கும். 200 மைக்ரோஹென்றியும் 200 பிகோஃபாரடும் என்றால் 800 கிலோஹெர்ட்ஸ். அது வானொலியின் மத்திய அலைக்குள் விழும் அதிர்வெண். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பக்கத்தில் கொண்டுபோனால் கரகரக்கும். இந்த இரண்டு எண்களும் எந்த டிரான்ஸ்ஃபார்மரின் அட்டையிலும் இல்லை. ஊகித்துப் போட்டு ஒத்திகை பார்த்தால் வரும் விடையும் ஊகம்தான்.

இதற்கு ஆர்வலர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. முதன்மைச் சுருளின் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, இரண்டாம் சுருளுக்கு ஒரு சிறு சோதனைப் பலகையில் இருந்து தட்டு ஒன்று கொடுப்பார்கள். அலைகாட்டியில் மணி ஒலித்து அடங்குவது நெளிநெளியாகத் தெரியும். ஒரு கண்டென்சரும் ஒரு திருகு மின்தடையும் குறுக்கே போட்டு, நெளிவு மறையும்வரை திருகுவார்கள். மறைந்ததும் மின்தடையைக் கழற்றி அளந்து, அதே அளவுள்ள ஒன்றை நிரந்தரமாக வைப்பார்கள். தூண்டல் எவ்வளவு, கொள்ளளவு எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடத் தேவையில்லை. இந்தப் பலகைக்கு ‘குவாசிமோடோ’ என்று பெயர். விக்டர் ஹியூகோவின் நாவலில் நோத்ர தாம் தேவாலயத்தின் மணியை அடிப்பவன்.

மறுபடி அந்த இரட்டைப் பிள்ளைகள். ரெகுலேட்டர் வெளியில் இருந்து வரும் சிற்றலையை அடக்குகிறது, சரி. அது தானே போடும் சத்தம்? 317இன் தரவுத்தாள் 0.003 சதவீதம் என்கிறது. 15 வோல்ட்டில் அது 450 மைக்ரோவோல்ட். அடக்கிய சிற்றலையைப் போல் 13 மடங்கு! உள்ளே இருக்கும் 1.25 வோல்ட் ஆதார மின்னழுத்தத்தின் இரைச்சலை 12 மடங்கு பெருக்கித்தான் அது 15 வோல்ட்டைத் தருகிறது. இரைச்சலும் கூடவே பெருகுகிறது. முன்னே சொன்ன அந்த 10 மைக்ரோஃபாரட், காதில் விழும் அதிர்வெண்களில் இந்தப் பெருக்கத்தையும் சேர்த்துத் தணிக்கிறது. ஒரே மருந்து, இரண்டு நோய்.

ஆனால் இந்த 450ஐத் திரையில் தேடினால் பல சமயம் கிடைக்காது. இணையத்தில் கிடைக்கும் ரெகுலேட்டர் மாதிரிகள் பலவற்றில் இரைச்சலையே யாரும் எழுதி வைக்கவில்லை. ஆப்-ஆம்ப் மாதிரிகளின் கதை இன்னும் விசேஷம். கணினிகள் மெதுவாக இருந்த 1974இல், பெடர்சனும் இடம்பெற்ற நால்வர் குழு ஒன்று, ஆப்-ஆம்பின் எல்லா டிரான்சிஸ்டரையும் எழுதாமல் அதன் நடத்தையை மட்டும் சில பாகங்களில் சுருக்கிக் காட்டும் வழியைச் சொன்னது. முதல் பெயரை வைத்து பாயில் மாதிரி என்பார்கள். அபாரமான சுருக்கம். ஆனால் அதில் சுமைக்குப் போகும் மின்னோட்டம் பவர் சப்ளைக் கால்களில் இருந்து வருவதில்லை, நேராகத் தரையில் இருந்து வருகிறது. பாட்டு எவ்வளவு உரக்க ஒலித்தாலும் திரையில் பவர் சப்ளை அசையாது. அதை வைத்துக்கொண்டு என் பவர் சப்ளை எவ்வளவு உறுதி பாருங்கள் என்று சொல்கிறவரைப் பற்றி பீஸ் என்ன எழுதியிருப்பார் என்று ஊகிப்பது கடினமல்ல.

அளப்பதன் எல்லை எது என்று அறிய விரும்புகிறவர்கள் ஜிம் வில்லியம்ஸைப் படிக்க வேண்டும். லீனியர் டெக்னாலஜியில், எல்.டி.ஸ்பைஸின் சொந்த வீட்டில், அலைகாட்டிகளுக்கு நடுவே வாழ்ந்தவர் அவர். 2009இல் அவர் எழுதிய குறிப்பு ஒன்றின் பொருள், ஓர் ஆதார மின்னழுத்தச் சில்லின் 775 நானோவோல்ட் இரைச்சலை அளப்பது எப்படி என்பது. பெருக்கியின் வாசலில் வைக்கும் ஒரு கண்டென்சரின் கசிவு மின்னோட்டம்கூட அந்த அளவைக் கெடுத்துவிடும் என்பதால், அந்த ஒற்றைப் பாகத்தைப் பொறுக்கி எடுப்பதையே ஒரு கலையாக எழுதியிருக்கிறார். வில்லியம்ஸ் 2011 ஜூனில் மறைந்தார். அவருடைய நினைவுக் கூட்டத்தில் இருந்து காரில் திரும்பும் வழியில் விபத்தில் இறந்தவர் பாப் பீஸ்.

வீட்டு மேசைக்கு நானோவோல்ட் தேவையில்லை. ஆனால் கெல்வினின் நான்கு கம்பி மட்டும் மறுபடி மறுபடி வந்து நிற்கிறது. வால்ட் யங், யான் டிடன் ஆகியோர் 1995இல் ‘தி ஆடியோ அமெச்சூர்’ இதழில் எழுதிய ரெகுலேட்டர் கட்டுரைகள் இன்றும் பேசப்படுகின்றன. ஒலிக்கருவிக்காகவே செய்த அந்த ரெகுலேட்டர், சுமைக்குப் போகும் கம்பிகளைத் தவிர, சுமையின் வாசலில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்த்துவரத் தனியாகக் கம்பி அனுப்பும். சில மில்லி ஓம் கம்பியும் வெளியீட்டைக் கெடுக்கும் என்று அளந்து பார்த்தவர்களுக்குத்தான் அப்படி ஒரு கம்பி தோன்றும்.

ஆக, இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்று சமரசம் பேசத் தேவையில்லை. பவர் சப்ளையைப் பொறுத்தவரை பீஸ் பக்கமே தராசு தாழ்கிறது: முதலில் மீட்டர், பிறகு மென்பொருள். அளந்த எண்களைக் கொடுத்த பிறகு ஸ்பைஸைவிட நம்பகமான கூட்டாளி கிடையாது. 10 சென்டிமீட்டர் கம்பியை 3.4 மில்லி ஓம் மின்தடையாகத் திரையில் வரைந்து பாருங்கள். பெட்டிக்குள் கேட்ட அந்த ‘உர்ர்ர்’ திரையிலும் வந்துவிடும். தரையை எந்த இடத்துக்கு மாற்றினால் அது போகும் என்பதை ஒரு துளி ஈயம் செலவில்லாமல் ஒத்திகை பார்த்துவிடலாம்.

அரங்கேற்றத்துக்கு முன் இரண்டு காரியம். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டுக் கொடுங்கள். எங்காவது குறுக்கிணைப்பு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும். அடுத்தது, அந்த இரட்டைப் பிள்ளைகளின் கால்கள். எழுத்து உங்களைப் பார்க்கும்படி வைத்தால், 317க்கு இடமிருந்து வலமாகச் சரிசெய்யும் கால், வெளியீடு, உள்ளீடு. 337க்குச் சரிசெய்யும் கால், உள்ளீடு, வெளியீடு. முதுகுத் தகடும் முன்னதில் வெளியீட்டோடு, பின்னதில் உள்ளீட்டோடு சேர்ந்தது. ஆகவே இரண்டையும் காப்புத்தாள் இல்லாமல் ஒரே வெப்பத்தகட்டில் முடுக்கக் கூடாது. திரையில் கால்களுக்குப் பெயர் மட்டுமே உண்டு, இடம் கிடையாது. சுவிட்சைப் போடும் முன் ஒருமுறை விரலால் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.